ஓடும் தேருக்கு முட்டுக்கட்டை: கொலஸ்ட்ராலும் மாரடைப்பும்

(அரும்பாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தந்தையின் பெயரால் ஒரு தொகையை வைப்பில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் பயன்படும் பொருளைப் பற்றிப் பேச ஒருவரை அழைப்பது என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முடிவு செய்தார்கள். அந்தப் பெரியவர் 52 வயதில் மாரடைப்பால் மறைந்தவர். இந்த ஆண்டு என்ன பேசலாம் என்று கேட்டபோது, "எங்கள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று ஊருக்குப் புரியும்படி சொல்லுங்கள், போதும்" என்றார்கள். அந்தப் பணியைத் தலைமேல் ஏற்று வந்திருக்கிறேன்.

மாரடைப்பால் ஒருவர் இறந்த வீட்டுக்குப் போனால் எல்லாரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு." மருத்துவனாக அந்த வார்த்தையை நூறு முறையாவது கேட்டிருப்பேன். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்று அவர் சந்தைக்குப் போனார், பேரனைத் தூக்கிக் கொஞ்சினார், வயிறாரச் சாப்பிட்டார். ஆனாலும் அவர் நேற்று நலமாக இல்லை. போன வருடமும் இல்லை. அவருடைய இதயத் தமனிகளில் நோய் முப்பது ஆண்டுகளாக வளர்ந்துகொண்டிருந்தது. வலிக்காத காரணத்தால் அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இந்த ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ச் சிற்பம் செதுக்கும் உங்களுக்குத் தேரைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆனாலும் சிலரை மட்டும் நினைவூட்டுகிறேன். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தை ஒட்டி, குனிந்தபடியே நடந்து வருபவர்கள் நாலைந்து பேர்தான். முட்டுக்கட்டை போடுபவர்கள். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போதே அவர்களும் கட்டையோடு கிளம்பிவிடுவார்கள். சரிவில் தேர் பாய்ந்த பிறகு கட்டையைத் தேடும் ஊர் எங்கேயும் இல்லை. மாரடைப்பு விஷயத்தில் மட்டும் நாம் தேர் பாய்ந்த பிறகே கட்டையைத் தேடுகிறோம்.

கொலஸ்ட்ரால் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குப் பகை உணர்வு வருகிறது. உண்மையில் அது இல்லாமல் உயிர் இல்லை. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் அது இருக்கிறது. பித்தநீர், ஆண் பெண் ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் அதுவே மூலப்பொருள். நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, குறிப்பாகக் கல்லீரல், செய்துகொள்கிறது. சாப்பாட்டிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. அதனால்தான் வாழ்நாள் முழுக்க சைவம் சாப்பிட்டவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுகிறது.

எண்ணெய் தண்ணீரில் கரையாததுபோல் கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் கரையாது. அதைச் சுமந்து செல்லச் சிறு பொதிகள் வேண்டும். கல்லீரலிலிருந்து புறப்பட்ட கொழுப்பை உடம்பெங்கும் கொண்டு போய்ச் சேர்க்கும் பொதி எல்.டி.எல். மிஞ்சியதைத் திரட்டித் திரும்பக் கொண்டுவர உதவும் பொதி எச்.டி.எல். நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எழுத்துகளுக்கு இதுதான் பொருள்.

வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியென்றால் சுரண்டி எடுத்துவிடலாம் அல்லவா? நடப்பது வேறு. எல்.டி.எல். துகள்கள் குழாயின் உள்தோலுக்கு அடியில் நுழைந்து, சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. வந்தது எதிரி என்று எண்ணி வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி, கொழுப்பு நிறைந்து அங்கேயே மாள்கின்றன. மேலே ஒரு மெல்லிய மூடி வளர்கிறது. உள்ளே கொழகொழப்பு, வெளியே மூடி. கிட்டத்தட்ட ஒரு கட்டி மாதிரி.

மூடி கெட்டியாக இருக்கும்வரை பிழைப்பு ஓடும். அது மெலிந்து ஒரு நாள் கிழிந்தால், புண் என்று கருதி இரத்தம் அங்கே உறைகிறது. கையில் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே உறைதல், இதயத் தமனிக்குள் நிமிடங்களில் பாதையை அடைத்துவிடுகிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள இதயத் தசை இரத்தம் இல்லாமல் சாகத் தொடங்குகிறது. இதுதான் மாரடைப்பு. கிழிகிற கட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. குழாயில் பாதி அளவுகூட அடைக்காத கட்டி கிழிந்தும் பல மாரடைப்புகள் வருகின்றன. "நேத்து நல்லாத்தான் இருந்தாரு" என்பதன் உள்விவரம் இதுதான். பாதி வழி திறந்திருந்தால் மனிதர் மலையே ஏறுவார், ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடித்ததல்ல. 1913-இல் ரஷ்யாவின் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் தமனிகளில் மனிதரிடம் காணும் அதே கொழுப்புத் திட்டுகள் வருவதைக் காட்டினார். முயலுக்கு வந்தால் மனிதனுக்கு என்ன என்று உலகம் அதை ஒதுக்கிவிட்டது. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராயத் தொடங்கினார்கள். இரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவை இதய நோய்க்கு முன்னறிவிப்புகள் என்ற அறிவு அந்த ஊரிலிருந்துதான் உலகுக்குக் கிடைத்தது.

1953-இல் வந்த செய்தி இன்னும் கூர்மையானது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் படைவீரர்களின் உடல்களைப் பரிசோதித்தார்கள். சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் இதயத் தமனியில் நோயின் அடையாளம் இருந்தது. போருக்குப் போன, திடகாத்திரமான, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்! தேர் எந்த வயதில் நிலையை விட்டுக் கிளம்புகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு விவசாயி மகனின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானின் அகிட்டா பகுதியில் 1933-இல் உழவர் வீட்டில் பிறந்தவர் அகிரா எண்டோ. சிறு வயதிலேயே காளான்கள் மீது அவருக்கு ஈர்ப்பு. பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங்தான் அவருடைய நாயகன். 1960-களில் நியூயார்க்கில் ஆய்வு செய்தபோது, அங்கே மாரடைப்பு எத்தனை உயிர்களைக் கொண்டுபோகிறது என்பதைக் கண்ணால் கண்டார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கும் பொருள் ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி, நாடு திரும்பியதும் ஏறத்தாழ 6,000 வகைப் பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது, கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியில் இருந்த நீலப் பூஞ்சணம். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூதாதை அதுதான். 2024 ஜூன் மாதம் எண்டோ தம் 90-ஆவது வயதில் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த மருந்து வகையின் வலிமையை, ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேர். ஐந்து ஆண்டுகளுக்கும் சற்று மேல். ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 விழுக்காடு குறைந்தது. அதற்குப் பின் எத்தனையோ ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது தெரிந்தது.

என் மனத்தை மாற்றிய ஆய்வு 2006-இல் வெளியானது. அமெரிக்காவில் கருப்பின மக்கள் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் எல்.டி.எல். 28 விழுக்காடு குறைவாக இருந்தது. சாதாரணமாக ஒரு மாத்திரையால் கொண்டுவந்துவிடக்கூடிய அளவுதான். ஆனால் அவர்களிடையே இதய நோய் 88 விழுக்காடு குறைவு. நடுவயதில் மாத்திரை போட்டு அதே அளவு குறைத்தவருக்கு இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. காரணம் காலம். அவர்கள் பிறந்த நாள் முதலே முட்டுக்கட்டையோடு நடந்தவர்கள். எல்.டி.எல். வட்டிக் கடன் மாதிரி. எவ்வளவு வாங்கினோம் என்பதோடு எத்தனை ஆண்டு வைத்திருந்தோம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு ஏறுகிறது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் நடு வயது தெற்காசியருக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி என்றும் தெரிந்தது. நமக்குத் தேர் ஆறு ஆண்டு முன்னதாகவே சரிவுக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் படிப்பு முடியாத, மகளின் திருமணம் ஆகாத வயது அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு கோளாறு இருந்தது. மிகுதியாகக் கண்டது நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு, அடுத்தது இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு கூடுதல். தட்டு நிறையத் தீட்டிய அரிசிச் சோறும், மேலே கொஞ்சம் குழம்புமாக உண்பவர்களிடம் காணும் குணம் இது. இப்படிப்பட்டவர்களுக்கு "மொத்த கொலஸ்ட்ரால் 190, நார்மல்" என்று சீட்டு வந்துவிடும். ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கும். எளிய வழி ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மொத்த கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். மிஞ்சுவது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை.

இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது: சாதாரணமானவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்றவற்றால் ஆபத்து கூடியவருக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரைப் போன்று மிகுந்த ஆபத்தில் இருப்பவருக்கு 55-க்குக் கீழ். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான எண் உங்களுக்குச் சரியாக இருக்காது. அதனால் சீட்டில் "நார்மல்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் வழக்கம். பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்திருக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வர வாய்ப்பு. உறவுக்குள் மணப்பதால் பெற்றோர் இருவருக்குமே இருந்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு இரட்டைப் பங்காக வரும். அந்தக் குழந்தைக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். இத்தகைய குழந்தைகளைக் கண்டு மனம் கலங்கியதால்தான் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினார்கள். எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் வாயில்கள் உயிரணுக்களில் இருப்பதைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். குதிகால் தசைநாண் தடித்தல், விரல் முட்டிகளில் மஞ்சள் முடிச்சு, எல்.டி.எல். 190-க்கு மேல், சொந்தத்தில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் உட்பட வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை செய்யுங்கள். ஜாதகம் பார்க்கும் குடும்பங்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவில் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு. இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்வதைக் குறைப்பது அதுதான். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எதுவானாலும் அளவு வேண்டும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதும், வனஸ்பதியில் செய்த பப்ஸும் பிஸ்கட்டும் கெடுதல். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கீரை, காய், மீன் இவற்றைக் கூட்டுங்கள். சாமையும் வரகும் நம் பச்சைமலைச் சாரலுக்குப் புதிதல்ல. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது, நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் வெங்காயமோ பூண்டோ அடைப்பைக் கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையைக் கைவிடாதீர்கள்.

பீடி, சிகரெட், புகையிலை எதற்கும் "அளவோடு" என்ற சலுகை கிடையாது. அறவே விட வேண்டும். சிற்பிகளுக்குத் தனியாக ஒன்று. காலையில் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுவதில்லை. கை உழைக்கிறது, கால் அசைவதில்லை. உட்கார்ந்து செய்யும் உழைப்பு நடைக்கு ஈடாகாது. ஏரிக்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. தினம் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடங்கள்.

மாத்திரையைப் பற்றிய பயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வருவதுண்டு. சர்க்கரை சற்று ஏறுவதுண்டு. இவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். யாரையும் கேட்காமல் நிறுத்துவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், "அடைப்பை எடுத்தாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று கேட்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஸ்டென்ட் திறந்தது ஓர் இடத்தை. நோய் இருப்பது எல்லாக் குழாய்ச் சுவர்களிலும்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் நெஞ்சு வலித்தால்? நடு மார்பில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், இவையே அறிகுறிகள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் சோர்வும் குமட்டலுமாகவும் வரலாம். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இதயத் தசை செத்துப்போகிறது. பெரம்பலூர் இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். திருச்சி அங்கிருந்து இன்னும் ஐம்பதுக்கு மேல். தூரம் கூடின ஊருக்கு நேரம் குறைவு. 108-ஐ உடனே அழையுங்கள்.

தமிழக அரசு 2023-இல் "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மருந்தைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரைகள். அந்த எட்டும் எண்டோ கண்ட குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவற்றைச் செவிலியரோ மருத்துவரோ பார்த்துத்தான் தர வேண்டும். வீட்டில் வாங்கி வைத்து நாமாக விழுங்கக் கூடாது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்ஸால் இணைத்து நம் மாநிலத்தில் 2,420 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 100-க்கு 17.6-லிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள் என்று அது காட்டியது. காப்பாற்றும் ஏற்பாடு இருக்கிறது. நாம் நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

நிறைவாக, இந்த அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இதே நாள் மாலையில் சொற்பொழிவு நடக்கட்டும். அன்று காலையில் இதே இடத்தில், முப்பது வயது நிரம்பிய அனைவருக்கும் கொலஸ்ட்ரால், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மூன்றையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வந்திருக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்துக்குள் உங்கள் எல்.டி.எல். எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் முப்பது வயதைக் கடந்த பிள்ளைகளையும் கையோடு அழைத்துப் போங்கள்.